சரியாக ஐந்து கிலோ

தராசு என்று அவருக்குப் பெயர் வைத்தது யார் என்று அந்த பீர் ஆலையில் யாருக்கும் ஞாபகமில்லை. வைத்தவர் வேலையை விட்டுப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. பெயர் மட்டும் ஸ்டோரிலேயே தங்கிவிட்டது. நேரில் 'ஸ்டோர்காரரே' என்பார்கள். முதுகு திரும்பியதும் 'தராசு'. இரண்டும் அவர் காதில் விழும். அவருக்குப் பிடித்தது இரண்டாவது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்லிவைத்தவர்கள் ஒரு பேச்சுக்குத்தான் சொல்லியிருப்பார்கள். தராசு அதை மேலிடத்து உத்தரவாக எடுத்துக்கொண்டார். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் மூன்று கிலோ நூறு கிராம் என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் குழந்தையை ஸ்டோருக்குக் கொண்டுவந்து போர்வையோடு ஒரு தடவை நிறுத்தார், பிறகு போர்வையை மட்டும் தனியாக நிறுத்தார். மூன்று கிலோ அறுபத்தைந்துதான் வந்தது. மீதி முப்பத்தைந்து கிராம் எங்கே என்று கேட்டு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். மகளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.

ஸ்டோர் ஆலையின் பின்பக்கம் இருந்தது. கழுவிவிடுகிற தண்ணீர் வாய்க்காலுக்கு ஓடவேண்டும் என்று தரையைச் சாய்வாகப் போட்டிருந்தார்கள். தரை சாய்ந்தால் எடை மெஷினும் சாயும், மெஷின் சாய்ந்தால் உலகமே சாயும் என்பது தராசின் கட்சி. அதனால் மெஷினின் பின்பக்கத்து இடது காலுக்குக் கீழே காகிதத்தை மடித்து வைத்திருந்தார். தினமும் காலையில் ரசமட்டத்தை மேலே வைத்து, குமிழி நட்டநடுவில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் டீயைத் தொடுவார். காகிதம் ஈரத்தில் நைந்துபோனால் கையில் கிடைக்கிற வேறொரு தாளை மடித்து வைப்பார்.

அவருடைய தலைவலி எல்லாம் ஹாப்ஸ்தான். ஹாப்ஸ் என்பது கொடியில் பூக்கிற ஒரு பச்சைப் பூ. அதைக் காயவைத்து அரைத்து, கோழித்தீவனம் மாதிரி குட்டிக் குச்சிகளாக அழுத்தி, வெள்ளித்தாள் பாக்கெட்டில் அடைத்து அனுப்புவார்கள். பீரின் கசப்பு அதிலிருந்துதான் வருகிறது. பூ ஒரே பூ. அனுப்புகிறவன் ஒவ்வொருவனும் ஒரு தினுசு. ஒரு சப்ளையர் பாக்கெட் ஐந்து கிலோ. இன்னொருவர் பவுண்டு கணக்கு. பதினோரு பவுண்டு என்று அடைப்பார், அது நான்கு கிலோ தொள்ளாயிரத்துத் தொண்ணூறு கிராமில் வந்து நிற்கும். மூன்றாமவர் வெள்ளித்தாளையும் சேர்த்து நிறுத்துவிட்டு ஐந்து கிலோ என்பார். வெள்ளித்தாளைக் காய்ச்சினால் பீர் கசக்குமா என்று தராசு அவருக்கு வருஷத்துக்கு ஒரு கடிதம் போடுவார்.

ஹாப்ஸ் கொடுக்கிறதற்கு அந்த ஆலையில் ஒரு முறை இருந்தது. ஒரு தடவை பீர் காய்ச்சுவது ஒரு காய்ச்சல், ஒரு காய்ச்சலுக்கு ஒரு பெட்டி; ஒரு பெட்டிக்கு நான்கு பாக்கெட். ஒரு காலத்தில் பீர் காய்ச்சுகிற கொப்பரைக்குள் வெள்ளித்தாள் துண்டு விழுந்து ரகளையானதிலிருந்து, பாக்கெட்டுகளை ஸ்டோரிலேயே பிரித்து நான்கு வாளிகளில் கொட்டி மேலே அனுப்புவது வழக்கமாகிவிட்டது. கொப்பரை மேடையில் இருப்பவர்கள் பாக்கெட்டைக் கண்ணாலும் பார்ப்பதில்லை. நான்கு வாளி வரும், கொட்டுவார்கள். வாளிக்குள் சரியாக ஐந்து கிலோ இருக்கும். இல்லாமல் இருந்தால் தராசு வாளியை அனுப்பியிருக்க மாட்டார்.

கொப்பரை மேடைக்கு ராஜா அவருடைய மச்சான். மனைவியின் அண்ணன், தனி ஆள், இருபத்தாறு வருஷமாக அங்கே பீர் காய்ச்சுகிறவர். அவரிடம் எந்த மீட்டரும் கிடையாது. ஒரு மடக்கு வாயில் ஊற்றி, கண்ணை மூடி, 'ம்' என்பார். அந்த 'ம்' வந்தால்தான் பீர் தொட்டியை விட்டு வெளியே போகும். ஆலையின் முதலாளியம்மாவுக்கு பீர் பிடிக்காது. வாயில் வைத்ததே இல்லை. வேலைக்காரர்களைக் கேட்டால் எல்லாத் தொட்டியையும் 'நல்லாத்தான் இருக்கு' என்பார்கள், இலவசமாகக் கிடைத்ததைக் குறை சொல்ல அவர்களுக்கு என்ன பைத்தியமா. ஆக, ஆலை முழுவதும் மச்சானின் நாக்கு நுனியில்தான் நின்றது.

தராசுக்கு அந்த நாக்கு ஆகவே ஆகாது.

"நாக்குக்கு ஏது அளவு? காலைல ஒண்ணு சொல்லும், சாயங்காலம் ஒண்ணு சொல்லும்" என்பார் அவர், சாப்பாட்டு மேசையில், மனைவியைப் பார்த்து. மச்சானுக்கு மதியச் சாப்பாடு தங்கை வீட்டில்தான் என்பதால் அவரும் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார்.

"எடை மெஷினுக்கு இனிப்புத் தெரியுமா, கசப்புத் தெரியுமா? கல்லைத் தூக்கி வச்சாலும் நம்பர் காட்டும்" என்பார் மச்சான், அவரும் தங்கையைப் பார்த்து.

"ரெண்டு பேரும் என்னைப் பாக்காம சோத்தைப் பாத்துச் சாப்பிடுங்க" என்பாள் அவள்.

மச்சானிடம் ஒரு விசேஷம் உண்டு. சாதாரணமாகத் தங்கை புருஷனை 'மாப்ள, நீ' என்று பேசுவார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். 'நீங்க' வந்துவிட்டால் அடுப்பு பற்றிக்கொண்டது என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து எண்ணிப் பார்த்தால் 'நீங்க'தான் அதிகம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில்தான் புதிதாக ஒரு சப்ளையரின் சரக்கு வந்து ஏறியது. ஆறு பெட்டி, இருபத்துநான்கு பாக்கெட். முதல் பெட்டியின் மேல் ஏதோ அச்சடித்த தாள் ஒன்று இருந்தது. கெட்டித்தாள், நல்ல வழவழப்பு. அன்றைக்கு மெஷின் காலுக்கடியில் இருந்த காகிதம் நைந்து கூழாகியிருந்தது. தராசு வந்த தாளை நான்காக மடித்துக் காலுக்குக் கொடுத்தார். குமிழி நடுவில் வந்து நின்றது. சப்ளையர் தாளாவது உருப்படியாக அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தார்.

பிறகு பாக்கெட்டை மேலே வைத்தார். ஐந்து கிலோ எண்ணூறு.

அடுத்ததும் ஐந்து எண்ணூறு. அந்தப் பெட்டியில் நான்கும் அப்படியே. இரண்டாவது பெட்டியைப் பிரித்தார். நான்கு கிலோ இருநூறு. மூன்றாவது ஐந்து நானூற்றைம்பது, நான்காவது நான்கு எண்ணூறு, ஐந்தாவது நான்கு எழுநூற்றைம்பது. கடைசிப் பெட்டி மட்டும் மனுஷப் பிறவி மாதிரி ஐந்து கிலோ. தராசு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இருபது வருஷத்துக்கு மேல் ஸ்டோரில் இருக்கிறார். திருட்டைப் பார்த்திருக்கிறார், ஏமாற்றைப் பார்த்திருக்கிறார், இப்படி ஒரு ஒழுக்கக்கேட்டைப் பார்த்ததில்லை.

பாக்கெட்டில் லேபிள் இருந்தது. அதில் பொடி எழுத்தில் எடையும் வேறு ஏதேதோ எண்களும் போட்டிருந்தார்கள். தராசுக்கு லேபிள் படிக்கிற வழக்கமில்லை. லேபிளை நம்புகிறவனுக்கு மெஷின் எதற்கு?

கூட்டிப் பார்த்தார். மொத்தம் நூற்றிருபது கிலோ, ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படியானால் திருட்டில்லை, அடைக்கிற இடத்தில் எவனோ கை போன போக்கில் அள்ளிப் போட்டிருக்கிறான். அதை ஒழுங்குபடுத்த ஒரு மனுஷன் வேண்டும். அந்த மனுஷன் தானே என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

அடுத்து வந்த வாரங்களில் அவர் செய்தது இதுதான். முதல் காய்ச்சலுக்குக் கனமான பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு வாளியிலும் ஐந்து கிலோ நிறுத்தி, மிஞ்சிய எண்ணூறு கிராமை மூடி போட்ட டின்னில் எடுத்து வைத்தார். இரண்டாவது காய்ச்சலுக்கு மெலிந்த பெட்டியைப் பிரித்து, டின்னிலிருந்து வாளிக்கு எண்ணூறு சேர்த்தார். மூன்றாவதில் நானூற்றைம்பது எடுத்தார். நான்காவதில் இருநூறு, ஐந்தாவதில் இருநூற்றைம்பது என்று சேர்த்தார். ஆறாவதில் கை வைக்கவில்லை. எல்லாவற்றையும் நோட்டில் தேதி போட்டு எழுதினார். ஐந்தாவது காய்ச்சல் முடிந்தபோது டின் சுத்தமாகக் காலி. அன்று மதியம் அவர் இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். என்ன விசேஷம் என்று மனைவி கேட்டாள். "ஒண்ணுமில்ல, டின் காலி" என்றார். அவளுக்கு இப்படிப்பட்ட பதில்கள் பழகிவிட்டன.

சப்ளையருக்கும் மூன்று கடிதம் போட்டார். முதல் கடிதத்தில் தவறு என்று எழுதினார். இரண்டாவதில் அலட்சியம் என்று எழுதினார். மூன்றாவதில் தங்கள் தாய் தந்தையர் தங்களுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தார்களா என்று விசாரித்திருந்தார்.

இந்தச் சமயத்தில் மச்சான் சாப்பிடுவது குறைந்தது. முதலில் தங்கைதான் கவனித்தாள். தட்டில் போட்டதை அளைந்துகொண்டே இருப்பார், ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்து யோசிப்பார். ஒரு நாள் அவள் உப்பே போடாமல் மறந்து பரிமாறிவிட்டாள். மச்சான் வாயில் வைத்துவிட்டு, கண்ணை மூடி, ரொம்ப நேரம் கழித்து, "உப்பு இல்லையோ?" என்று பயந்த குரலில் கேட்டார்.

"இல்லண்ணே, மறந்துட்டேன்."

"நிஜமாவே இல்லையா? எனக்காகச் சொல்லாத."

அவள் முகம் மாறிவிட்டது. உப்பு இல்லை என்று சத்தம் போட வேண்டிய மனுஷன் உப்பு இல்லையோ என்று கேட்கிறார். அண்ணன் ஏற்கெனவே தன்னிடம் சொல்லியிருந்ததை, அவர் கை கழுவப் போனதும் புருஷனிடம் சொன்னாள்.

"அண்ணனுக்கு நாக்கு செத்துப்போச்சாம். போன தடவை ஜுரத்துல படுத்தாரே, அதுலேருந்துன்னு நினைக்கிறாரு. தொட்டில இருக்கிற ஆறும் ஆறு மாதிரி தெரியுதாம். ஒண்ணு சப்புன்னு இருக்காம், ஒண்ணு கசந்து வழியுதாம்."

"பீர் நிஜமாவே அப்படி இருக்கலாமே" என்றார் தராசு. ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார்.

"நானும் அதத்தான் கேட்டேன். இருக்காதாம். புது சப்ளையர்கிட்ட இவரேதான் பேசி வச்சிருக்காரு. கசப்பு எல்லாப் பெட்டியிலயும் ஒண்ணு போல வரும்னு அவங்க உத்தரவாதமாம். தண்ணி அதே தண்ணி, தானியம் அதே தானியம், ஹாப்ஸ் அளவு உங்க கையில. நீங்க ஒரு கிராம் தப்ப மாட்டீங்கன்னு அவருக்கே தெரியும். அப்ப மாறினது நான்தான்னு சொல்றாரு. வெள்ளிக்கிழமை முதலாளியம்மாகிட்ட லெட்டர் குடுக்கப் போறாராம், வேற ஆள் பாத்துக்கங்கன்னு."

நீங்க ஒரு கிராம் தப்ப மாட்டீங்கன்னு அவருக்கே தெரியும். தராசின் காதில் அது ஒன்றுதான் ஏறியது. மச்சான் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை கேட்க அவர் எத்தனை வருஷமாகக் காத்திருந்தார். உள்ளுக்குள் சர்க்கரை கரைகிற மாதிரி இருந்தது. பிறகு அந்தச் சந்தோஷத்தை நினைத்து அவருக்கே கூச்சமாக இருந்தது. கலங்கி நிற்கிற மனைவியின் முன்னால் சிரித்துவிடக் கூடாது என்று தண்ணீர்ச் செம்பை எடுத்து முகத்தை மறைத்துக் குடித்தார்.

புதன்கிழமை காலையில் சப்ளையரிடமிருந்து பதில் வந்தது. எழுதியவர் ஒரு பெண்மணி. பொறுமைசாலி என்று கையெழுத்திலேயே தெரிந்தது.

'ஐயா, தங்கள் மூன்று கடிதங்களும் கிடைத்தன. எங்கள் பாக்கெட்டுகளில் எடை ஒன்றுபோல இருக்காது. கசப்புதான் ஒன்றுபோல இருக்கும். காட்டமான பூவைக் குறைத்தும், சாதுவான பூவைக் கூட்டியும் அடைக்கிறோம். இப்படி அடைத்துத் தரும்படி கேட்டவர் தங்கள் ஆலையில் காய்ச்சும் பொறுப்பில் இருப்பவர்தான். பாக்கெட்டை அப்படியே முழுதாகப் போடவேண்டும். கூட்டவோ குறைக்கவோ கூடாது. முதல் பெட்டியின் மேல் வைத்திருந்த தாளில் இதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். எனக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தது என் அத்தை.'

தராசு கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து, மெஷினின் பின்பக்கத்து இடது காலைத் தூக்கி, தாளை உருவி எடுத்தார். ஈரத்தில் கொஞ்சம் உப்பியிருந்தது, எழுத்து அழியவில்லை. பெரிய எழுத்துதான். சிவப்பு மையில் வேறு போட்டிருந்தார்கள். இத்தனை நாளாகத் தன் மெஷினை நேராக நிற்க வைத்தது இந்தத் தாள்தான் என்பதை அவர் தரையில் உட்கார்ந்தபடியே யோசித்தார். எழுந்திருக்க மனம் வரவில்லை.

ஆக, பூ தப்பில்லை, தண்ணீர் தப்பில்லை, நாக்கு தப்பே இல்லை. நான்கு கிலோ இருநூறில் முழுக் கசப்பும் இருந்தது. அதன் தலையில் எண்ணூறு கிராம் ஏற்றியது அவர். ஐந்து கிலோ எண்ணூறு இருந்தால்தான் கசப்பு நிறையும். அதில் எண்ணூறைப் பிடுங்கியதும் அவர். திருடன்கூட ஒரு பக்கம்தான் கெடுப்பான். இவர் நேர்மையாக இரண்டு பக்கமும் கெடுத்திருந்தார்.

இது யாருக்கும் தெரியாது என்பதும் உடனே அவருக்குத் தோன்றியது. மறைக்காமல் சொல்லவேண்டுமென்றால், அதுதான் முதலில் தோன்றியது. கடிதம் தன் பெயருக்கு வந்திருக்கிறது. நோட்டு தன் அலமாரியில் இருக்கிறது. டின் காலி. இனிமேல் பாக்கெட்டை அப்படியே கொட்டிவிட்டால் அடுத்த காய்ச்சலிலிருந்து எல்லாம் சரியாகிவிடும். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மச்சான் வெள்ளிக்கிழமை போய்விடுவார், புதிதாக ஒருவர் வருவார், அவருடைய நாக்கைப் பற்றித் தராசுக்கு எந்த விரோதமும் இருக்காது. தராசை நம்பித்தான் ஒரு மனுஷன் தன் நாக்கைச் சந்தேகப்பட்டான் என்கிற பேச்சும் வெளியே வராது.

புதன்கிழமை முழுக்க இப்படிப் போனது. வியாழக்கிழமை காலை ஸ்டோருக்குப் போனார். ரசமட்டத்தை எடுத்து மெஷின் மேல் வைத்தார். காலுக்கடியில் காகிதம் இல்லாததால் குமிழி ஓரத்தில் போய் ஒதுங்கிக் கிடந்தது. வேறு தாள் மடித்து வைக்கலாம். எத்தனையோ தாள் இருந்தது. கை வரவில்லை. டீ ஆறிப் போயிற்று. உப்பு இல்லையோ என்று மச்சான் கேட்ட குரல்தான் திரும்பத் திரும்பக் காதில் வந்தது. அந்த மனுஷனை அவர் ஆயிரம் தடவை மட்டம் தட்ட நினைத்ததுண்டு. இப்படி இல்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு தொட்டி அறைக்குப் போனார்.

மச்சான் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரில் காய்ச்சலுக்கு ஒன்றாக ஆறு தொட்டிகளும் வரிசையாகக் குளிர்ந்துகொண்டிருந்தன. சட்டைப் பையில் கவர் எட்டிப் பார்த்தது.

"மச்சான், ஆறையும் ஒரு தடவை ருசி பாத்துச் சொல்லுங்க" என்றார் தராசு.

"எதுக்கு? என் நாக்கு போனதை எடை போட வந்தீங்களா?"

'நீங்க' வந்துவிட்டது. தராசு அசையவில்லை. "ஒரே ஒரு தடவை. அப்புறம் நான் கேக்க மாட்டேன்."

மச்சான் எழுந்து குழாயைத் திறந்து கிளாஸில் பிடித்தார். வேண்டாவெறுப்பாகத்தான் வாயில் ஊற்றினார். ஊற்றியதும் கண் தானாக மூடிக்கொண்டது, அது இருபத்தாறு வருஷத்துப் பழக்கம்.

"ஒண்ணாவது தொட்டி செத்துக் கிடக்கு. கசப்பே எட்டல." அடுத்ததுக்குப் போனார். "ரெண்டு ஏறிக் கிடக்கு. தொண்டையைப் பிடிக்குது. ஒண்ணு எவ்வளவு இறங்கிச்சோ அவ்வளவு இது ஏறிக் கிடக்கு." நடந்தார். "மூணு இறக்கம், ஆனா ஒண்ணாவது அளவுக்கு இல்ல, அதுல பாதி. நாலு லேசா ஏத்தம். அஞ்சு..." நிறுத்தி, திரும்பப் போய் நான்காவதை ஒரு மடக்குக் குடித்துவிட்டு வந்தார். "அஞ்சும் நாலும் ஒண்ணு மாதிரிதான். அஞ்சுல ஒரு இணுக்கு கூட." ஆறாவதை இரண்டு மடக்கு குடித்தார். "இது என்னோட பீர். ஆறுல இது ஒண்ணுதான் எனக்கு என்னோடதா தெரியுது. எல்லாம் பிரமை மாப்ள, பெட்டி எல்லாம் ஒரே கசப்பு. நீங்க போங்க."

தராசு நோட்டைத் திறந்தார். பக்கம் சரியாக வரவில்லை. இரண்டு பக்கம் முன்னால் போய்த் திரும்பி வந்தார். பிறகு வாசித்தார், ஸ்டோரில் சரக்கு வாசிக்கிற அதே குரலில்.

"ஒண்ணு, வாளிக்கு எண்ணூறு கிராம் எடுத்தது. ரெண்டு, எண்ணூறு சேத்தது. மூணு, நானூத்தி அம்பது எடுத்தது. நாலு, இருநூறு சேத்தது. அஞ்சு, இருநூத்தி அம்பது சேத்தது. ஆறு, கை வைக்கல."

மச்சான் கிளாஸைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"யாரு எடுத்தது, யாரு சேத்தது?"

"நான்தான். எடை ஒண்ணு போல இல்லேன்னு நான் சரி பண்ணினேன். கசப்பை ஒண்ணு போல அடைச்சு அனுப்பியிருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. தாள் வச்சிருந்தாங்க, நான் படிக்கல. மெஷினுக்கு முட்டுக் குடுத்துட்டேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாலுக்கும் அஞ்சுக்கும் வித்தியாசம் அம்பது கிராம், மச்சான். அஞ்சு கிலோவுல அம்பது கிராம். என் மெஷின் தவிர வேற யாரும் கண்டுபிடிக்க முடியாதுன்னுதான் இத்தனை நாள் நினைச்சிருந்தேன். உங்க நாக்கு ஒழுங்கா இருக்கு. ரொம்ப ஒழுங்கா இருக்கு."

மச்சான் முக்காலியில் உட்கார்ந்தார். கிளாஸில் மிச்சமிருந்த ஆறாவது தொட்டி பீரை ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொள்கிற சாக்கில் கண்ணையும் துடைத்தார். தராசு நோட்டில் ஏதோ தேடுவது மாதிரி குனிந்துகொண்டார். இருவருமே அழுதார்கள் என்று சொன்னால் இருவருமே மறுப்பார்கள், ஆனால் அழுதார்கள்.

"ரெண்டு மாசமா எனக்குத் தூக்கமில்ல" என்றார் மச்சான்.

"தெரியும்."

"தெரியுமா?"

"காரணம் நேத்துக் காலைலேருந்து தெரியும். நேத்தே சொல்லியிருக்கணும். சொல்லல. அதுவும் என் தப்புதான்."

மச்சான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று தராசு எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். மச்சான் கையை நீட்டி நோட்டை வாங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைப் படித்தார். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது.

"ஒண்ணையும் ரெண்டையும் கலந்தா நேராயிடும்" என்றார் மெதுவாக. "மூணுல எடுத்தது நாலுலயும் அஞ்சுலயும் போயிருக்கு. அந்த மூணையும் கலந்தா அதுவும் நேராயிடும். ஒரு கிராம் வெளில போகலையா?"

"என் ஸ்டோர்லேருந்தா?" என்றார் தராசு. அந்த நிலைமையிலும் அவருக்குக் கோபம் வந்தது.

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு மாதத்துச் சிரிப்பு மொத்தமாக வந்ததில் அவருக்குப் புரையேறியது. தராசு அவர் முதுகில் தட்டினார், ஓங்கித் தட்டவில்லை, அளந்துதான் தட்டினார்.

"முதலாளியம்மாகிட்ட நான் எதாவது சொல்லிச் சமாளிச்சுக்கிறேன்" என்றார் மச்சான்.

"வேண்டாம். நானே சொல்றேன்."

தராசு நேரே போய்ச் சொன்னார். முதல் பெட்டியிலிருந்து காலி டின் வரைக்கும் ஒன்று விடாமல், நின்றபடியே. முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். வேலை போய்விடும் என்று தராசு உறுதியாக நம்பினார். ஸ்டோர் சாவியை முன்கூட்டியே மேசை மேல் வைத்திருந்தார்.

"பீரை வாய்க்கால்ல கொட்டணுமா?"

"வேண்டியதில்லைங்க. கலந்தா சரியாயிடும்னு மச்சான் சொல்றாரு."

"அவர் வேலையை விடுறாரா?"

"இல்லைங்க."

"ஹாப்ஸ் அனுப்புற அந்தம்மாவுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு லெட்டர் போடுங்க. சாவியை எடுத்துக்கங்க. இனிமே பெட்டிக்குள்ள தாள் வந்தா படிங்க."

"சரிங்க."

ஸ்டோருக்குத் திரும்பியபோது மச்சான் அங்கே நின்றுகொண்டிருந்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் ஸ்டோர் வாசலை மிதித்ததே கிடையாது. எடை மெஷினைச் சுற்றி வந்து, கல்யாணப் பெண்ணைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையை மெஷின் மேல் வைத்ததும் அது அவர் பக்கமாக லொடக்கென்று சாய்ந்தது.

"என்ன மாப்ள, இது இப்படி ஆடுது?"

"காலுக்கடியில இருந்த தாளை எடுத்துட்டேன். அதுதான் அந்தத் தாள்."

மச்சான் தலையை ஆட்டினார். சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்தார். உள்ளே இருந்த கடிதத்தை உருவினார். மேலே முதலாளியம்மாவின் பெயரும், கீழே அவருடைய கையெழுத்தும், நடுவில் நாக்கைப் பற்றி நான்கு வரியும் இருந்தது தராசின் கண்ணில் பட்டது. மச்சான் அதை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார். முட்டி போட்டு உட்கார்ந்து மெஷினின் பின்பக்கத்து இடது காலைத் தூக்கி, அதை உள்ளே தள்ளினார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

தராசு ரசமட்டத்தை எடுத்து மெஷின் மேல் வைத்தார். குனிந்து பார்த்தார். குமிழி நடுவுக்குப் பக்கத்தில் வந்து, ஒரு மயிரிழை தள்ளி நின்றது.

அவர் ஒன்றும் சொல்லாமல்தான் இருக்கப் பார்த்தார். ஆனாலும் முடியவில்லை.

"மச்சான்" என்றார். "இன்னும் ஒரு மடிப்பு."

மச்சான் அவரைப் பார்த்தார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே மறுபடியும் முட்டி போட்டார்.

"நீ திருந்தவே மாட்டே, மாப்ள" என்றார், காகிதத்தை இன்னொரு தடவை மடித்துக்கொண்டே. "இப்ப பாரு."